அந்த நோட்டீஸிலிருந்து என் படத்தை எடுத்துவிடுங்கள்

சென்னையிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் கன்சல்டன்சிகளுக்கு, குறிப்பாக என்னை அனுப்பிய நிறுவனத்தாருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொளத்தூரில் எங்கள் வீட்டுப் பேப்பரைப் பிரித்தபோது உள்ளேயிருந்து உங்கள் நோட்டீஸ் விழுந்தது. வழவழப்பான தாள். மேல் வரிசையில் ஆறு முகங்கள். இடமிருந்து மூன்றாவது நான். விசா வந்த அன்று உங்கள் அலுவலகச் சுவர் முன்னால் நிற்கவைத்து, பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எடுத்தீர்களே, அதே படம். படத்துக்குக் கீழே, 'கனடாவில் பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்.' அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், 'வாரம் 24 மணி நேரம் வேலை. மாதம் 1 லட்சம் வரை சம்பாதிக்கலாம்.'

மார்கழி விடுமுறைக்கு மூன்று வாரம் வந்திருக்கிறேன். அம்மா வாசலில் கோலத்துக்குக் காவி பூசிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அக்கா அதே நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். "தம்பி, உன் படமே போட்டிருக்காங்க. அப்போ நம்பி அனுப்பலாம்ல?" அவர் பையன் பி.காம். கடைசி வருடம். லோனுக்காக வீட்டுப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து ஜெராக்ஸ் போட்டாயிற்று. நான் "உள்ள வாங்கக்கா, காபி சாப்பிடுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அவரும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

நான் தோற்றுத் திரும்பியவன் இல்லை. எனக்கு அங்கே வேலை இருக்கிறது, படிப்பும் ஓடுகிறது. கனடாவைத் திட்டவும் வரவில்லை. உங்கள் கணக்கைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. 2024 தொடக்கத்தில் அப்பாவும் நானும் உங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். இரண்டாம் வருட ஃபீஸுக்கு என்ன செய்வது என்று அப்பா கேட்டார். மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுபவர் அவர், கேட்காமல் விடமாட்டார். உங்கள் கவுன்சலர் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். பின்பக்கம் பேனாவால் எழுதினார். 20 மணி × 17 டாலர் × 4 வாரம் = 1,360. அதை 61ஆல் பெருக்கி, 82,960 ரூபாய். அதைச் சுற்றி ஒரு வட்டம். அன்றைக்கு நான் போகவிருந்த ஒன்டாரியோ மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.55 டாலர்தான், அவர் 17 என்று முழுசாக்கிக்கொண்டார், அது போகட்டும். கடைசியில் அதையும் 24 மாதத்தால் பெருக்கி, கிட்டத்தட்ட 20 லட்சம் என்று எழுதி அடிக்கோடு போட்டார். "சார், இரண்டாவது வருஷ ஃபீஸ் பையனே கட்டிடுவான். நீங்க முதல் வருஷத்தை மட்டும் பாருங்க."

அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதல் வருட ஃபீஸ் 17,000 டாலர். அது போக, அங்கே வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட அந்த நாட்டு வங்கியில் முன்கூட்டியே கட்டவேண்டிய ஜிஐசி. 2023 முடியும்வரை 10,000 டாலராக இருந்த அந்தத் தொகை 2024 ஜனவரி 1 முதல் 20,635 ஆகிவிட்டது. எங்கள் கணக்கில் 12.5 லட்சத்துக்கு மேல். வீட்டின் பேரில் கடன் வாங்கினோம். அந்தத் துணிச்சல் முழுக்க அந்தக் காலண்டர் தாளிலிருந்து வந்தது.

தாளில் எல்லாம் சரிதான், ஒன்றே ஒன்றைத் தவிர. விமானம் தரையிறங்கிய அன்றே வேலை தொடங்கிவிடும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். முதல் வேலை கிடைக்கும்வரை ஓடும் நாட்களுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

எனக்கு 116 நாள் ஆனது. 2024 செப்டம்பர் 3 வகுப்பு தொடங்கிய நாள். மாணவர் பெர்மிட்டில் போகிறவன் வகுப்பு தொடங்குவதற்கு முன் வேலை பார்க்கவே கூடாது என்பதையும் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஷிப்ட், டிசம்பர் 28, சனிக்கிழமை. அந்த 116 நாளை உங்கள் 20 மணி, 17 டாலரில் போட்டுப் பாருங்கள். சுமார் 5,600 டாலர் காணோம்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்பதை உங்கள் கவுன்சலர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டொரான்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட், நாலு பேர். காலையில் வகுப்பு, மதியம் ரெஸ்யூமே கட்டை எடுத்துக்கொண்டு மார்க்கம் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவது. அந்த ரெஸ்யூமே நீங்கள் தயாரித்துக் கொடுத்தது, நினைவிருக்கிறதா? மூன்று பக்கம். மேல் மூலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமாகாதவர். கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்', கையெழுத்து, இடம்: சென்னை. இரண்டு வாரம் அதைத்தான் ஊரெல்லாம் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் பொது நூலகத்தில் பிரிண்ட் எடுக்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்து, கேட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்தார். போட்டோ, அடித்தார். பிறந்த தேதி, அடித்தார். அப்பா பெயர், மதம், கல்யாணம், எல்லாவற்றையும் அடித்தார். உறுதிமொழியைப் படித்துவிட்டு மட்டும் கொஞ்சம் சிரித்தார். வயதையும் மதத்தையும் பார்த்து ஆளை ஒதுக்குவது அங்கே சட்டப்படி தப்பு. அதனால் அந்த விவரங்களோடு ஒரு தாள் வந்தால் மேனேஜர்கள் கையில் வைத்திருக்கவே தயங்குவார்கள் என்றார். மிஞ்சியது அரைப் பக்கம்.

அந்த அரைப் பக்கத்தில் என்ன இருந்தது? தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டரை வருடம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட அனுபவம். கனடாவிலும் ஜிஎஸ்டி இருக்கிறது, 1991லிருந்தே; ஒன்டாரியோவில் மாகாண வரியோடு சேர்த்து 13 சதவீதமாக எச்எஸ்டி என்று வாங்குகிறார்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு கணக்கு அலுவலகத்தில் ஆசையாகச் சொல்லிப் பார்த்தேன். "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை முறை என்னிடம் கேட்டார்கள் என்று சொல்லி முடியாது. ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்கும் இதே கேள்வி. பாத்திரம் கழுவுவதில் கொளத்தூர் அனுபவத்துக்கும் கனடா அனுபவத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்படி வலியுறுத்திக் கேட்பது பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே கொள்கை வெளியிட்டிருக்கிறது. 25 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவர்கள் வேலை விளம்பரத்தில் இதைக் கேட்கவே கூடாது என்று 2026 ஜனவரி 1 முதல் சட்டமே உண்டு. நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் கேட்காவிட்டாலும், பத்துப் பேர் வேலை பார்க்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்கத்தான் போகிறார்கள். எதிர் வீட்டுப் பையனிடமும் கேட்பார்கள். அவனுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

ஒரு மளிகைக் கணக்கு நோட்டு வைத்திருந்தேன். எங்கே கொடுத்தேன், யாரிடம், என்ன சொன்னார்கள். ஆன்லைனில் 212, நேரில் 64. பதில் வந்தது ஒன்பது. அங்கே வேலை பார்க்கத் தேவைப்படும் சின் நம்பர் 9இல் தொடங்குவதைப் பார்த்ததும் நமக்கு நிரந்தர உரிமை இல்லை, பெர்மிட் முடியும் தேதி ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். சில இடங்களில் அதைப் பார்த்ததும் முகம் மாறும். ஒரு சனிக்கிழமை பிராம்ப்டனில் நேரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறி இரண்டரை மணி நேரம் போனேன். கடையைச் சுற்றி வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் குஜராத், அவருக்கு முன்னால் இரண்டு பஞ்சாபிப் பிள்ளைகள், பின்னால் ஒரு கேரளத்துப் பெண். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே மாதிரி தாள். வாசலை எட்டியபோது ஒருவர் ரெஸ்யூமேவை வாங்கி அட்டைப் பெட்டியில் போட்டார். வாழைப்பழம் வந்த பெட்டி. ஏற்கெனவே முக்கால் நிறைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, எத்தனை முகத்தைத்தான் பார்ப்பார்.

புதிதாக வந்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்க உதவும் மையங்கள் இருக்கின்றன என்று யாரோ சொல்ல அங்கேயும் போனேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். பிஆர் கார்டு கேட்டார். மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் அந்த உதவிகள் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் அடைக்கலம் கிடைத்தவர்களுக்கும்தான்; வெளிநாட்டு மாணவருக்கு இல்லை. உங்கள் ஃபைலில் நான் 'குடியேறப் போகிறவன்', அவர்கள் ஃபைலில் 'படித்துவிட்டுப் போகிறவன்'. இரண்டுக்கும் நடுவில் நின்றபோது குளிர் தொடங்கியிருந்தது.

இதற்குள் இரண்டு பேரிடம் ஏமாந்தேன். வேர்ஹவுஸ் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 300 டாலர் வாங்கிக்கொண்டார். தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி தொழிலாளியிடம் ஒரு சென்ட்கூட வாங்கக்கூடாது என்பது ஒன்டாரியோ சட்டம். 2024 ஜூலை 1 முதல் அவர்கள் உரிமம் எடுக்கவேண்டும். யாருக்கு உரிமம் உண்டு என்று அரசு இணையதளத்தில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு அந்த ஐந்து நிமிடம் தெரியாது. இன்னொருவர், நம் ஆள்தான், டேக்அவுட் கிச்சனில் சனி ஞாயிறு வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வைத்துக்கொண்டார். மணிக்கு 10 டாலர், கையில் காசு, ரசீது கிடையாது. அப்போது குறைந்தபட்சக் கூலி 17.20. முதல் வாரத்தை 'ட்ரெயினிங்' என்று சொல்லிக் கொடுக்கவே இல்லை. மூன்றாம் வாரம் நின்றுவிட்டேன். மாணவனாக இருந்தாலும் எனக்கும் அதே கூலிச் சட்டம் உண்டு, தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம் என்று தெரிந்தபோது ஆறு மாதம் ஓடியிருந்தது. இதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அது வேலையே இல்லை.

இனி எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கும் இடம்.

தினமும் இரவு, இங்கே காலையில், அம்மா போன் செய்வார். "வேலைக்குப் போறியாப்பா?" என்பார். முதல் மாதம் "தேடிட்டிருக்கேம்மா" என்றேன். இரண்டாம் மாதம் அவர் குரலில் ஏதோ ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு "போறேம்மா" என்று சொல்லிவிட்டேன். என்ன வேலை என்றார். கடையில் என்றேன். சாப்பாடு தருவார்களா என்றார். தருவார்கள் என்றேன். அக்டோபரில் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு மெசேஜ். 'ஒரு 10 செகண்ட் வீடியோ ப்ளீஸ், உங்க அனுபவம் பத்தி, ஒரு காபி கார்டு அனுப்புறோம்.' உண்மையைச் சொன்னால் அந்த வீடியோ சுற்றிச் சுற்றி வீட்டுக்கு வந்துவிடும். கல்லூரி நூலகத்துக்கு வெளியே நடைவழியில் நின்று, "படிப்பும் நல்லா போகுது, பார்ட் டைமும் போகுது" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அனுப்பினேன். காபி கார்டு வந்தது, ஐந்து டாலர். அன்று மதியச் சாப்பாடு அதுதான்.

ஆக, நோட்டீஸில் என் படத்துக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கும் வரி நான் கொடுத்ததுதான். அந்தப் பொய்யில் எனக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் வருடக்கணக்காக இருக்கிற உங்களுக்கு, அங்கே போய் ஒன்றரை மாதமே ஆன ஒரு பையன் வேறென்ன சொல்வான் என்று தெரியாதா? எங்கள் பேஸ்மென்ட்டில் இருந்த நாலு பேரும் வீட்டில் இதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நாங்கள் வெட்கத்தில் சொல்வதை நீங்கள் வழவழப்பான தாளில் அச்சடிக்கிறீர்கள். அதைப் பார்த்து அடுத்தவன் கிளம்புகிறான். அவனும் அங்கே போய் அதையேதான் சொல்வான்.

அன்று உங்கள் அலுவலகத்தில் போட்டுக் காட்டிய வீடியோக்களையும் பின்னால் யோசித்துப் பார்த்தேன். சம்பளத்தில் கார் வாங்கிய அண்ணன், முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே படித்த அக்கா. அவர்கள் பொய் சொல்லவில்லை. 2022 நவம்பர் 15 முதல் 2024 ஏப்ரல் 30 வரை, கோவிட்டுக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை என்று, மாணவர்களுக்கான வாரம் 20 மணி நேர வரம்பையே அந்த அரசு எடுத்துவிட்டிருந்தது. அந்த ஒன்றரை வருடம் யார் போனாலும் வேலை கிடைத்திருக்கும். நான் போவதற்குள் வரம்பு திரும்பி வந்தாயிற்று. 2024 நவம்பர் 8 முதல் அது 24 மணி. அந்த வருட ஜனவரியிலேயே மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவித்தார்கள், ஏனென்றால் வந்தவர்களுக்கே இடம் போதவில்லை. 2025 ஜூலையில் கனடாவில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடையே வேலையின்மை விகிதம் 14.6 சதவீதம், கோவிட் காலத்தை விட்டால் 2010க்குப் பிறகு இவ்வளவு இருந்ததில்லை என்று அந்த நாட்டுப் புள்ளியியல் துறையே சொல்கிறது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கே காபிக் கடை வேலை கிடைக்காத வருடம் அது. நீங்கள் இன்னும் பழைய வீடியோவையே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு வேலை கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. வீட்டு ஓனர் யாழ்ப்பாணத்து அன்ரி. மேலே குடியிருப்பவர். டிசம்பரில் ஒரு நாள் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைக்க உதவினேன். "தம்பி வேலைக்குப் போறேலையோ? எந்நேரமும் வீட்டில நிக்கிறீர்" என்றார். சொன்னேன். அம்மாவிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "இஞ்ச ரெஃபரன்ஸ் இல்லாமல் ஒருத்தரும் எடுக்க மாட்டினம். எங்கட அவருக்கும் எண்பதுகளில வந்தநேரம் இதே பாடுதான். யோசியாதேங்கோ, நான் ஒருக்கா கேட்டுப் பாக்கிறன்." அவருடைய தங்கை மகன் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசர். ஒரு போன். 276 விண்ணப்பத்தில் நடக்காதது ஒரு போனில் நடந்தது. அந்தச் சூப்பர்வைசரே சேஃப்டி ஷூவும் பழையது ஒன்று கொடுத்தார், அரை சைஸ் பெரிது, முன்னால் சாக்ஸை மடித்து வைத்துக்கொண்டேன்.

வேலை கிடைப்பது வேறு, மணி நேரம் கிடைப்பது வேறு. அதுவும் உங்கள் தாளில் இல்லை. 24 மணி நேரம் என்பது சட்டம் விடும் உச்சம். முதலாளி கொடுப்பது அவருக்குத் தேவையானது. முதல் இரண்டு வாரத்தில் எனக்கு 22 மணி. 378 டாலர் 40 சென்ட். பென்ஷனுக்கும் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் பிடித்தது போகக் கைக்கு 357 சொச்சம். அந்தச் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். முதல் சம்பளம் என்று சொல்ல முடியாதே, வீட்டுக் கணக்கில் ஏற்கெனவே மூன்று மாதமாக வேலைக்குப் போகிறவன் நான். 'இந்த மாசச் சம்பளம்' என்று எழுதினேன். மார்ச்சில் இரண்டாம் வருட ஃபீஸுக்காக அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. 'பையனே கட்டிடுவான்' என்ற அந்த வரி காலண்டர் தாளில் இன்னும் அழியாமல் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு நான் கேட்பது இவைதான்.

என் படத்தையும் அதன் கீழ் உள்ள வரியையும் நோட்டீஸ், அலுவலகச் சுவர், உங்கள் இணையப் பக்கம் எல்லாவற்றிலிருந்தும் 15 நாளுக்குள் எடுத்துவிடுங்கள். அந்த வீடியோவையும்தான். எடுக்க மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரியை மாற்றுங்கள்: 'முதல் வேலைக்கு 116 நாள். இப்போது வாரம் 16 மணி நேரம். இரண்டாம் வருட ஃபீஸ் அம்மா கட்டினார்.' இதற்கு நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

'மாதம் 1 லட்சம்' என்பதை இன்றோடு நிறுத்துங்கள். 24 மணி, 2025 அக்டோபரில் வந்த 17.60 டாலர் கூலி, 4 வாரம் என்று பெருக்கி ரூபாய்க்கு மாற்றினால் அந்த எண் வரும் என்று எனக்கும் தெரியும். அது பெருக்கல், சம்பளம் இல்லை. கடந்த இரண்டு வருடத்தில் நீங்கள் அனுப்பிய ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள், காபி கார்டு இல்லாமல். முதல் சம்பளச் சீட்டு வந்தது எந்தத் தேதி, வாரம் எத்தனை மணி நேரம், இந்த இரண்டு கேள்வி போதும். அவர்கள் வீட்டுக்குத் தெரியாது என்று வாக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் என்னைப் போலத்தான் சொல்வார்கள். வந்த பதிலை, வேலையே கிடைக்காதவர்களையும் சேர்த்து, பெயர் இல்லாமல் உங்கள் சுவரில் ஒட்டுங்கள். பாஸ்போர்ட் தூக்கிய படங்களுக்குப் பக்கத்திலேயே.

பணம் கட்டுவதற்கு முன் அப்பா அம்மாவை உட்காரவைத்துத் தமிழில், எழுத்தில் கொடுங்கள்: முதல் ஆறு மாதம் வருமானம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் வருட ஃபீஸ் பையனின் பார்ட் டைமை நம்பி இருந்தால் அனுப்பாதீர்கள். ஜிஐசி 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 டாலர் ஆகிவிட்டதும், அது மொத்தமாகக் கைக்கு வராமல் மாதத் தவணையாகத்தான் வரும் என்பதும் அதில் இருக்கட்டும். நான் படிக்கும் ஒன்டாரியோவில் அரசுக் கல்லூரிகள் தனியார் கல்லூரியோடு கூட்டு வைத்து நடத்தும் சில பாடங்களுக்குப் படிப்புக்குப் பிறகான வேலை பெர்மிட் கிடையாது, 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்கு. இதைப் பெற்றவர்களிடம் சொல்லாமல் ஒரு சீட்டைக்கூட விற்காதீர்கள்.

எங்களிடம் சேவைக் கட்டணம் இல்லை என்று சொன்னீர்கள். கல்லூரி உங்களுக்குக் கமிஷன் தருகிறது, அதில் எனக்கு வருத்தமில்லை, தொழில் என்றால் காசு வரத்தான் வேண்டும். எவ்வளவு என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் காட்டுங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா விசா ஆலோசனை சொல்ல அந்த நாட்டு வக்கீலாகவோ அந்த நாட்டு உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்கவேண்டும் என்பது அவர்கள் சட்டம். உங்கள் அலுவலகத்தில் அது யாரிடம் இருக்கிறது? எண்ணைச் சுவரில் எழுதுங்கள்.

அப்புறம், அந்த மூன்று பக்க ரெஸ்யூமேவைத் தூக்கிப் போடுங்கள். கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி, குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, யாரிடம் புகார் கொடுப்பது, எந்த ஏஜென்சி காசு கேட்டால் நகர்ந்துவிடவேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். விமான நிலையத்தில் மாலை போட்டுப் படம் எடுக்கும் நேரம்தான் ஆகும்.

இதன் நகலைத் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் அனுப்புகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். படிப்புக்கு அனுப்புபவரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பஞ்சாப் 2012இல் தனிச் சட்டம் போட்டு இத்தகைய ஆலோசகர்களையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. நம் மாநிலத்திலும் அப்படிக் கட்டாயப் பதிவு வேண்டும், வருமானத்தைப் பற்றிய எந்த விளம்பரத்துக்கும் ஆதாரம் காட்டவேண்டும் என்று அத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்காமல் நீங்களே செய்யலாம், உங்களை யாரும் தடுக்கவில்லை.

வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் எதிர் வீட்டு அக்காவுக்கும் அவர் பையனுக்கும் நேரம் கொடுத்திருக்கிறீர்கள். நானும் கூட வருகிறேன். அப்பாவிடம் சொல்லி அந்தக் காலண்டர் தாளை வாங்கி வைத்திருக்கிறேன். புதுத் தாள் கிழித்துக் கணக்குப் போடுவதாக இருந்தால், முதல் 116 நாளுக்கு நேராகப் பூஜ்யம் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது,
கொளத்தூர், சென்னை